‘இந்த கெமிஸ்ட்ரி கணக்கைக் கொஞ்சம் போட்டுக் குடேன்!’ - ஹோம்வொர்க் உதவியில் உண்மையில் கற்றுக்கொள்வது யார்?

ஹோம்வொர்க் சந்தேகத்துக்குப் பதில் சொல்வதையே பிசினஸாக வைத்திருந்த நிறுவனங்கள் ஆட்டம் கண்டுகொண்டிருக்கின்றன. மாணவர்கள் ஏஐ பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இதில் மாணவர்களுக்கு லாபமா, நஷ்டமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன? விரிவாகப் பார்ப்போம்.

2021 பிப்ரவரி. அமெரிக்கப் பங்குச் சந்தையில் ‘செக்’ என்ற நிறுவனத்தின் ஒரு பங்கு 113 டாலரைத் தொட்டது. பெயரைக் கேட்டதும் வங்கிக் காசோலை நினைவுக்கு வரலாம். ஆனால் இந்த நிறுவனத்தின் முக்கியத் தொழில் வேறு: மாணவர்களின் ஹோம்வொர்க் கேள்விகளுக்கு விடை தருவது. நான்கே ஆண்டுகளில், 2025-ல், அதே பங்கு 1 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டு மே மாதம் 248 பேர், அக்டோபரில் மேலும் 388 பேர் என்று அடுத்தடுத்து ஆட்குறைப்பு அறிவிப்புகள். அக்டோபர் அறிவிப்பில் மட்டும் வேலையிழந்தவர்கள், நிறுவனத்தின் பணியாளர்களில் 45 சதவீதம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாதம் சுமார் 15 டாலர் கட்டி வாங்கிய விடையை, சாட்ஜிபிடி சும்மாவே கொடுக்கிறது.

‘ஒரு அமெரிக்கக் கம்பெனி விழுந்தால் நமக்கென்ன?’ என்று கடந்துபோக முடியாத விஷயம் இது. ஏனென்றால் அந்த விடைகளை எழுதிக் கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இன்னொரு காரணம், அந்த மாணவர்கள் செய்த அதே வேலையை இப்போது நம் வீட்டுப் பிளஸ் ஒன் பிள்ளைகளும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கேட்டது அமெரிக்கா, சொன்னது இந்தியா

‘செக்’ எப்படி இயங்கியது? கெமிஸ்ட்ரியிலோ ஃபிசிக்ஸிலோ ஒரு கணக்கு புரியவில்லை என்றால், மாணவர் அதை டைப் செய்தோ படம் எடுத்தோ அனுப்புவார். கொஞ்ச நேரத்தில், படிப்படியாகப் போட்ட விடை வந்து சேரும். அந்த விடையை எழுத 70,000-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் இருப்பதாகவும், அவர்கள் இந்தியாவில் இருந்து வேலை செய்வதாகவும் ‘ஃபோர்ப்ஸ்’ இதழ் 2021 ஜனவரியில் எழுதியது. சில நேரம் 15 நிமிடத்திலேயே விடை கிடைத்துவிடும் என்றும் அந்தக் கட்டுரை சொன்னது.

சிம்பிளாகச் சொன்னால், அங்கே பகல் தூக்கத்தில் இருக்கும் கணக்கு இங்கே ராத்திரி கண் விழித்துப் போடப்பட்டது. அறிவியல், பொறியியல் படித்த இளைஞர்களுக்கு அது ஒரு பார்ட் டைம் வருமானம்.

கொரோனா காலத்தில் இந்தப் பிசினஸ் உச்சத்துக்குப் போனது. தேர்வுகள் ஆன்லைனுக்கு மாறியபோது, ஹோம்வொர்க் கேள்விக்கும் தேர்வுக் கேள்விக்கும் இருந்த கோடு அழிந்துபோனது. கணினி அறிவியல், இயந்திரப் பொறியியல், மின் பொறியியல், இயற்பியல், வேதியியல் என ஐந்து பாடங்களில் அந்தத் தளத்துக்கு வந்த கேள்விகளை லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 2019 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வந்ததைவிட, 2020-ன் அதே ஐந்து மாதங்களில் 196 சதவீதம் அதிகக் கேள்விகள். கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

பிறகு 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2023 மே மாதம், ‘புதிய வாடிக்கையாளர்கள் சேர்வதை சாட்ஜிபிடி பாதிக்கிறது’ என்று ‘செக்’ நிறுவனம் ஒப்புக்கொண்டது. மறுநாளே பங்கு விலை கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது.

நம் நாட்டிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. கேள்வியைப் படம் எடுத்து அனுப்பினால் வீடியோவாக விடை தரும் ‘டவுட்நட்’ செயலி, ஒரு காலத்தில் 10 கோடி டாலருக்கும் மேல் விலை பேசப்பட்டது. கடைசியில் 2023 இறுதியில், கோட்டாவைச் சேர்ந்த ‘ஆலன்’ பயிற்சி நிறுவனம் அதைச் சுமார் 1 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்திகள் வெளியாயின.

ஆக, ‘விடை’ என்ற சரக்குக்குச் சந்தையில் இப்போது விலையே இல்லை. கேள்வி இதுதான்: விடை இலவசமானதால் படிப்பு சுலபமாகிவிட்டதா?

ஹோம்வொர்க் செய்தும் மார்க் வராதது ஏன்?

ஏஐ வந்துதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் பிரச்சினை அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 11 ஆண்டுகளாக, 2,433 மாணவர்களைக் கவனித்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. ஹோம்வொர்க்கில் ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதிய மாணவர், தேர்விலும் அதைச் சரியாக எழுத வேண்டும் அல்லவா? அப்படி நடக்காமல், ஹோம்வொர்க்கில் நன்றாகவும் தேர்வில் மோசமாகவும் எழுதியவர்கள் 2008-ல் 14 சதவீதம். 2017-ல் 55 சதவீதம். சாட்ஜிபிடி வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு இது. போனில் தேடி எடுத்து எழுதுவது வழக்கமானதே காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

ஏஐ அந்தப் பழக்கத்தின் வேகத்தைக் கூட்டியிருக்கிறது. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்கப் பதின்வயதினரில் 2023-ல் 13 சதவீதம் பேர் பள்ளிப் பாட வேலைகளுக்கு சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினார்கள். 2024-ல் அது 26 சதவீதமானது. ஒரே ஆண்டில் இரண்டு மடங்கு.

துருக்கியில் நடந்த சோதனை

ஏஐ உதவியோடு படித்தால் என்ன ஆகும் என்பதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சுமார் 1,000 மாணவர்களை வைத்து நடத்தியது. பாடம் கணிதம். ஆனால் வேதியியல் கணக்குகளுக்கும் அப்படியே பொருந்தும்.

மாணவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள்.

• முதல் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும்.

• இரண்டாவது பிரிவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி மாதிரியான ஏஐ. கேட்டால் விடையைக் கொடுத்துவிடும்.

• மூன்றாவது பிரிவுக்கு ஆசிரியர்கள் துணையோடு வடிவமைக்கப்பட்ட ஏஐ. விடையைத் தராது, குறிப்பு மட்டும் தரும்.

பயிற்சி நேரத்தில், முதல் பிரிவோடு ஒப்பிட்டால் இரண்டாவது பிரிவு 48 சதவீதம் அதிகமாகவும், மூன்றாவது பிரிவு 127 சதவீதம் அதிகமாகவும் மதிப்பெண் எடுத்தன. ‘ஆஹா, சூப்பர்!’ என்றுதான் தோன்றும்.

பிறகு ஏஐ-யை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாட்ஜிபிடி மாதிரியான ஏஐ-யில் படித்த பிரிவு, எந்த உதவியும் இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக மதிப்பெண் வாங்கியது. குறிப்பு மட்டும் தந்த ஏஐ-யில் படித்தவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள் அளவுக்கு எழுதினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். தேர்வில் சறுக்கிய மாணவர்களுக்கு, தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே தெரியவில்லை. ‘நல்லாத்தான் படிச்சிருக்கேன்’ என்றே நினைத்திருந்தார்கள். விடையைப் பார்த்தவுடன் ‘ஓ, இவ்வளவுதானா’ என்று ஒரு தெளிவு வருமே, அது புரிந்துவிட்டது போன்ற மயக்கம். மறுநாள் அதே கணக்கை வெறும் பேப்பரில் போடச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும்.

அப்படியானால் ஏஐ வேண்டவே வேண்டாமா?

அதுவும் சரியல்ல. எதிர்ப்பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஓர் இயற்பியல் வகுப்பில், 194 மாணவர்களை வைத்து 2023-ல் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினர் நல்ல ஆசிரியர் நடத்திய, கலந்துரையாடலோடு கூடிய வகுப்பில் கற்றார்கள். இன்னொரு பிரிவினர் அதே பாடத்தை வீட்டிலிருந்து ஒரு ஏஐ டியூட்டரிடம் கற்றார்கள். ஏஐ-யிடம் கற்றவர்கள் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றிருந்தார்கள். அந்த ஏஐ, ஒரு நேரத்தில் ஒரு படியை மட்டும் சொல்லும்படியும், முழு விடையை முதலிலேயே கொட்டிவிடாதபடியும் அமைக்கப்பட்டிருந்தது. அதற்குத் தேவையான சரியான விடைகளை ஆசிரியர்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஆக, துருக்கியிலும் ஹார்வர்டிலும் தெரிவது ஒரே விஷயம்தான். உதவி எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அந்த உதவி மாணவரை எவ்வளவு யோசிக்க வைக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. 2025 ஜூலையில் ஓபன்ஏஐ தனது சாட்ஜிபிடியில் ‘ஸ்டடி மோட்’ என்ற வசதியைக் கொண்டுவந்ததும் இதனால்தான். அதில் கேட்டால் நேரடி விடைக்குப் பதில், எதிர்க்கேள்வியும் குறிப்பும் வரும். சிக்கல் என்னவென்றால், அந்த வசதியை அணைக்க ஒரு தட்டு போதும்.

ஒரு கணக்கு, இரண்டு வகை உதவி

பேசிக்கொண்டே இருப்பதைவிட ஒரு உதாரணம் பார்ப்போம். பிளஸ் ஒன் வேதியியலில் முதல் பாடத்திலேயே மாணவர்களை மிரட்டும் வகைக் கணக்கு இது.

‘28 கிராம் நைட்ரஜனும் 3 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எத்தனை கிராம் அம்மோனியா கிடைக்கும்?’

ஒரு மோல் நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று மோல் ஹைட்ரஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியாவைத் தரும். நிறைய பேர் செய்வது இதுதான்: 28 கிராம் நைட்ரஜன் என்பது 1 மோல், அப்படியானால் 2 மோல் அம்மோனியா, 2 பெருக்கல் 17, விடை 34 கிராம்.

இந்த விடை தவறு.

முதல் வகை உதவி: ‘தப்பு டா, ஆன்சர் 17 கிராம்’ என்று ஒரு போட்டோவை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது. கேட்டவர் அதைப் பார்த்து எழுதுவார். அடுத்த கணக்கில் அதே தவறைத் திரும்பச் செய்வார்.

இரண்டாவது வகை உதவி: ‘நீ மொத்தம் எத்தனை கிராம் உள்ளே போட்டே?’ என்று கேட்பது. 28-ம் 3-ம் சேர்ந்தால் 31 கிராம். ‘31 கிராம் போட்டா 34 கிராம் எப்படி டா வெளிய வரும்?’ இந்தக் கேள்வி போதும். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ மனப்பாடம் செய்த பொருண்மை அழியா விதி, அந்த நிமிடத்தில்தான் அவருக்கு உண்மையில் உயிர்பெறுகிறது.

அடுத்த படியை வீட்டு விசேஷத்தை வைத்தே புரியவைக்கலாம். ஒரு தாம்பூலப் பையில் ஒரு தேங்காயும் மூன்று வெற்றிலையும் போட வேண்டும். கையில் 20 தேங்காய், 30 வெற்றிலை. எத்தனை பை போடலாம்? பத்துதான். வெற்றிலை தீர்ந்துவிடும், பத்துத் தேங்காய் மிஞ்சும். தேங்காய் 20 இருக்கிறதே என்று 20 பை கணக்குப் போட்டால் பந்தியில் மானம் போகும்!

இந்தக் கணக்கில் ஹைட்ரஜன்தான் வெற்றிலை. 3 கிராம் ஹைட்ரஜன் என்றால் 1.5 மோல். அது அரை மோல் நைட்ரஜனோடு மட்டுமே சேர முடியும். கிடைப்பது 1 மோல் அம்மோனியா, அதாவது 17 கிராம். வினைபுரியாமல் மிஞ்சும் நைட்ரஜன் 14 கிராம். இரண்டையும் கூட்டினால் 31 கிராம். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியாக இருக்கிறது. முதலில் தீர்ந்துபோகும் இந்தப் பொருளைத்தான் ‘லிமிட்டிங் ரீஏஜென்ட்’ என்கிறோம்.

முதல் வகை உதவிக்குப் பத்து விநாடி. இரண்டாவதுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டது கேட்டவர் மட்டுமா?

சொல்லிக் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது?

இந்த விவாதத்தில் எல்லோரும் கேட்பவரைப் பற்றியே பேசுகிறார்கள். சொல்லிக் கொடுப்பவரை மறந்துவிடுகிறார்கள்.

பள்ளி மாணவர்கள் சக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைப் பற்றிய 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 1982-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். கற்றவர்களுக்கு மதிப்பெண் கூடியது எதிர்பார்த்ததுதான். சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் அந்தப் பாடத்தில் மதிப்பெண் கூடியிருந்தது. அந்தப் பாடத்தின் மீது ஈடுபாடும் வளர்ந்திருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லும்போது, ‘ஏன்?’ என்று ஒரு கேள்வி வரும். அங்கேதான் நம் புரிதலில் உள்ள ஓட்டை நமக்கே தெரியும். ‘அது அப்படித்தான் டி, மிஸ் சொன்னாங்க’ என்று சமாளிக்கலாம். அல்லது புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து அந்த ஓட்டையை அடைக்கலாம். இரண்டாவதைச் செய்பவர் அந்தப் பாடத்தைச் சுலபத்தில் மறக்க மாட்டார்.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. சொல்லிக் கொடுப்பவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று 2007-ல் ராஸ்கோ, சி ஆகிய இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். தெரிந்ததை அப்படியே ஒப்பிப்பவர்களுக்குப் பெரிய லாபமில்லை. யோசித்து, தொடர்புபடுத்தி, தன் வார்த்தையில் விளக்குபவர்களுக்கே லாபம். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் ஒப்பிக்கும் பக்கமே சாய்கிறார்கள் என்பதும் அவர்கள் கண்டறிந்தது. போட்டோ அனுப்புவதில் ஒப்பித்தல்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

இது சென்னைக்கு ரொம்பப் பழைய சமாச்சாரம்

மாணவர் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் ‘சட்டாம்பிள்ளை’ என்று ஒருவர் இருப்பார். அவரும் மாணவர்தான். வாத்தியார் இல்லாத நேரத்தில் மற்ற பிள்ளைகளைப் படிக்க வைப்பது அவர் வேலை.

1787-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை விடுதிப் பள்ளியைக் கவனித்துவந்தார். இங்குள்ள பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். ஊர் திரும்பியதும் 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றைக்கும் இயங்குகிறது.

அன்று அந்த முறை பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம், செலவு குறைவு என்பதுதான். சொல்லிக் கொடுப்பவரும் கற்கிறார் என்பதை ஆய்வுகளோடு உறுதிப்படுத்தியது பிற்காலம்.

ஏஐ எடுத்துக்கொள்வது எதை?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முன்பெல்லாம் ஒரு வகுப்பில் ஒரு கணக்கு புரியாத பத்துப் பேர், புரிந்த இரண்டு பேரைத் தேடிப் போவார்கள். அந்த இரண்டு பேருக்கும் கொஞ்சம் தொந்தரவு, கொஞ்சம் பெருமை, நிறைய பயிற்சி. இப்போது அந்தப் பத்துப் பேரும் போனைத் திறக்கிறார்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற கிண்டல் இல்லை. கேட்பவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கற்பிக்கும் வாய்ப்பு இருந்த இரண்டு பேரிடம் இப்போது யாரும் கேட்பதில்லை. எதிர்க்கேள்வி கேட்டு மடக்க ஒரு நண்பனும் இல்லை.

‘செக்’ விடைகளை எழுதிய இந்திய இளைஞர்களுக்கும் இது பொருந்தும். வருமானம் ஒருபக்கம் இருக்க, தினமும் பத்து இருபது கணக்குகளைப் படிப்படியாக விளக்கி எழுதியதில் பாடம் கைவிட்டுப் போகாமல் இருந்தது. அந்த வேலை இப்போது சுருங்கிக்கொண்டே வருகிறது.

யாருக்கு டியூஷன், யாருக்கு ஏஐ?

இதையெல்லாம் சொல்லி, ‘ஏஐ-யைத் தடை செய்யுங்கள்’ என்று முடித்துவிட முடியாது. ஏனென்றால் உதவி கேட்க எல்லோருக்கும் ஆள் இருப்பதில்லை.

மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்ட கல்வி தொடர்பான மாதிரி ஆய்வின்படி, நாட்டில் 27 சதவீத மாணவர்கள் தனியார் டியூஷன், கோச்சிங் வகுப்புகளுக்குச் செல்கிறார்கள். நகரத்தில் 30.7 சதவீதம், கிராமத்தில் 25.5 சதவீதம். மேல்நிலை வகுப்புகளில் இதற்கு ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவு நகரத்தில் ஆண்டுக்கு 9,950 ரூபாய். கிராமத்தில் 4,548 ரூபாய். அதாவது ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால், அதைக் கேட்க ஆள் இருப்பதும் இல்லாததும் வீட்டு வருமானத்தைப் பொறுத்தது.

கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், மாலை நேரத்தில், பிள்ளைகளின் வீட்டருகிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அது 1 முதல் 8-ம் வகுப்பு வரைக்கான திட்டம். மோல் கணக்கும் கரிம வேதியியலும் மிரட்டத் தொடங்கும் வயதில் அந்தத் தெரு வகுப்பு கிடையாது.

முதல் தலைமுறையாகப் பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்திருக்கும் மாணவிக்கு, வீட்டில் வேதியியல் தெரிந்த யாரும் இல்லை. அவருக்கு ஏஐ ஒரு நிஜமான கதவு. அந்தக் கதவைச் சாத்திவிட்டு, ‘நண்பரிடம் கேள்’ என்று உபதேசம் செய்வது, ஏற்கெனவே டியூஷன் இருப்பவர்களுக்கே சாதகமாக முடியும்.

தமிழ் வழி மாணவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று. தமிழக பாடநூலில் ‘ஆக்சிஜனேற்றம்’ என்று இருப்பது இலங்கைப் பாடநூலில் ‘ஒட்சியேற்றம்’. இங்கே ஹைட்ரஜன், அங்கே ஐதரசன். இணையத்தில் இருக்கும் தமிழை எல்லாம் சேர்த்துக் கற்ற ஒரு ஏஐ, இரண்டையும் கலந்து கட்டித் தந்தால் மாணவர் குழம்பிப்போவார். விடைத்தாளில் எழுத வேண்டியது பாடநூலின் சொல்லைத்தான். அதனால் ஏஐ தரும் விளக்கத்தைப் பாடநூலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

உதவி கேட்பது எப்படி?

நண்பரிடம் கேட்டாலும் ஏஐ-யிடம் கேட்டாலும் இந்த மூன்றும் பொருந்தும்.

• எதுவரை போட்டோம் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘7-வது கணக்கு ஆன்சர் அனுப்பு’ என்பதற்கும், ‘நைட்ரஜன் 1 மோல், ஹைட்ரஜன் 1.5 மோல் வரைக்கும் வந்துட்டேன். இதுல எதை வச்சு அம்மோனியாவைக் கணக்கு பண்றதுன்னு புரியல’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது கேள்வியை எழுதும்போதே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

• ஏஐ-யிடம், ‘விடையைச் சொல்லாதே, அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துருக்கி ஆய்வில் சறுக்கியவர்களையும் சறுக்காதவர்களையும் பிரித்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

• விடை கிடைத்ததும் மூடிவைத்துவிட்டு, எண்களை மாற்றி அதே கணக்கை வெறும் பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும். 28 கிராமுக்குப் பதில் 14 கிராம் என்று வைத்தால் இப்போது எது முதலில் தீரும்? எதுவும் மிஞ்சுமா? இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

உதவி செய்வது எப்படி?

• முழு விடையின் போட்டோவை அனுப்பாமல், தவறு நடந்த வரியை மட்டும் சுட்டிக்காட்டலாம். ‘மூணாவது ஸ்டெப்பைத் திரும்பப் பாரு’ என்பதே நல்ல உதவி.

• பதிலைவிட நல்ல கேள்வி ஒன்றைக் கொடுக்கலாம். மேலே பார்த்த ‘31 கிராம் போட்டா 34 கிராம் எப்படி வரும்?’ மாதிரி.

• தெரியாததைத் ‘தெரியல, பார்த்துச் சொல்றேன்’ என்று சொல்லலாம். அங்கிருந்துதான் சொல்லிக் கொடுப்பவரின் படிப்பு தொடங்குகிறது.

பள்ளிகள் என்ன செய்யலாம்?

வீட்டிலிருந்து வரும் நோட்டுக்கு மதிப்பெண் போடுவதில் இனி பெரிய அர்த்தமில்லை. அதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று தெரியும். யார் யோசித்தது என்று தெரியாது. அதற்குப் பதில், எழுதி வந்த கணக்குகளில் ஏதாவது ஒன்றை இரண்டு நிமிடம் போர்டில் விளக்கச் சொல்லலாம். வகுப்பில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கருத்தைச் சொல்லிக் கொடுக்க வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்கலாம். இதற்கு இணையமோ புது ஆப்போ தேவையில்லை. ஏஐ-யில் படித்து வந்தவருக்கும் அந்த இரண்டு நிமிடம் ஒன்றுதான். டியூஷனில் படித்து வந்தவருக்கும் ஒன்றுதான்.

பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. முதல் இரண்டிலும், அதாவது 90 மதிப்பெண்ணுக்கு, மாணவர் கையில் போன் இருக்காது. உப்பைப் பகுப்பாய்வு செய்யும் சோதனைக் குழாய் முன்னாலும் இருக்காது.

இந்த வாரம் தம்பியோ, அக்கா மகளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ ஒரு கெமிஸ்ட்ரி சந்தேகத்தோடு வந்தால், ‘சாட்ஜிபிடில கேளு’ என்று அனுப்பிவிடுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மோல் கணக்கெல்லாம் மறந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். பரவாயில்லை. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நீ எதுவரைக்கும் போட்டே?’ என்று ஆரம்பித்தால் போதும்.